காட்டிலும் மலையிலும் கிடைக்கும் நீரைக் குடிநீராக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றம், நெடுநடை, முகாம் என வெளியிடங்களில் நாட்களைக் கழிப்பவர்கள் தோளில் சுமந்து செல்லும் நீர் பெரும்பாலும் ஒரு நாளைக்கு மேல் வராது. அதன் பிறகு ஓடை, சுனை, ஏரி, குட்டை என வழியில் கிடைப்பதையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நீரைக் குடிக்கத் தக்கதாக மாற்றப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் சிலவற்றைத் தடுத்து, வேறு சிலவற்றை விட்டுவிடுகிறது. எந்த முறை எதை விட்டுவிடுகிறது என்பதை அறியாமல் ஒன்றை முழுமையாக நம்பிவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து என்பதால், கீழுள்ள விடைகள் அதற்கே கூடுதல் இடம் தருகின்றன.

ஓடையில் நீர் தெளிவாக ஓடுகிறது. அதை அப்படியே குடிக்கலாமா?

கூடாது. நோய் தரும் நுண்ணுயிரிகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவை ஆயிரக்கணக்கில் கலந்திருந்தாலும் நீரின் நிறமோ மணமோ சுவையோ மாறுவதில்லை. ஓடும் நீர் தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஓட்டத்தில் அழுக்கு நீர்த்துப்போவது உண்மைதான். ஆனால் நூறு மீட்டர் மேலே ஒரு விலங்கு செத்துக் கிடந்தாலோ, மேய்ச்சல் நிலத்துச் சாணம் மழையில் கரைந்து வந்தாலோ, அந்தக் குறுகிய தூரத்தில் ஓட்டம் எதையும் அழித்துவிடாது.

நான் பலமுறை அப்படியே குடித்திருக்கிறேன். எதுவும் ஆகவில்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அன்று அந்த நீரில் கிருமிகள் இல்லாமல் இருந்திருக்கலாம். நீரின் தரம் நாளுக்கு நாள், குறிப்பாக ஒவ்வொரு மழைக்குப் பிறகும், மாறிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, நோய் வந்தும் அதை அந்த நீரோடு தொடர்புபடுத்தத் தவறியிருக்கலாம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி உடலுக்குள் சென்றபின் அறிகுறிகள் தோன்றப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் பயணி வீடு திரும்பி, வழக்கமான உணவுக்கு மாறி, வயிற்றுக் கோளாறுக்கு முந்தைய நாள் சாப்பிட்டதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஜியார்டியாவின் பத்து நீர்க்கட்டிகள் (தடித்த உறைக்குள் அடங்கிய நிலையில் உள்ள ஒட்டுண்ணிகள்) உள்ளே போனாலே தொற்று ஏற்படக்கூடும் என்பதால், ஒரு மிடறு நீரும் போதுமானதே.

நீரில் உண்மையில் எவற்றிற்கு அஞ்ச வேண்டும்?

உயிருள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது பயன்தரும். ஏனெனில் வடிகட்டி முதல் மாத்திரை வரை எல்லா முறைகளின் வலிமையும் பலவீனமும் இந்த மூன்றின் அளவையும் உறுதியையும் பொறுத்தே அமைகின்றன.

முதலாவது, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். இவை நீரில் தடித்த உறைக்குள் அடங்கிய நிலையில் மிதக்கின்றன. ஜியார்டியாவின் நீர்க்கட்டி ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் நீளமும், கிரிப்டோஸ்போரிடியத்தின் கட்டி 4 முதல் 6 மைக்ரான் அளவும் கொண்டவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவில் பெரியவை என்பதால் இவற்றை வடிகட்டுவது எளிது. உறை தடித்தது என்பதால் மருந்தால் கொல்வது கடினம். இரண்டாவது, காலரா, டைபாய்டு, பல வகை வயிற்றுப்போக்குகள் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள். இவை பெரும்பாலும் அரை மைக்ரான் முதல் சில மைக்ரான் வரை இருக்கும். மூன்றாவது, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ, ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள். இவை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை. சாதாரண வடிகட்டியின் துளைகள் வழியே தடையின்றி நுழைந்துவிடும். ஆனால் வெப்பத்துக்கும், பெரும்பாலும் குளோரினுக்கும், பணிந்துவிடும்.

இந்த மூன்றோடு, உயிரற்ற நான்காவது ஒன்றும் உண்டு: பூச்சிக்கொல்லி, சுரங்கக் கழிவு, ஆர்செனிக், உப்பு போன்ற கரைந்த பொருட்கள். இவற்றைப் பற்றிக் கீழே தனியே காண்க.

எந்த நீரைத் தேர்ந்தெடுப்பது?

சுத்திகரிப்பின் முதல் படி பையில் இருக்கும் கருவியில் தொடங்குவதில்லை. நீரை எங்கே மொள்வது என்ற முடிவில் தொடங்குகிறது. பாறை இடுக்கிலிருந்து நேரடியாகக் கசியும் ஊற்று சிறந்தது. அடுத்து, மேலே குடியிருப்போ மேய்ச்சலோ வயலோ இல்லாத சிற்றோடை. ஏரியாக இருந்தால், கரையோரச் சேற்றைக் கலக்காமல், நுரையும் மிதக்கும் குப்பையும் இல்லாத இடத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து எடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து, அந்த ஓடை எதையெல்லாம் கடந்து வருகிறது என்று அறிந்துகொள்வதற்குச் செலவிடும் சில நிமிடங்கள் வேறு எந்தக் கருவியும் தராத பாதுகாப்பைத் தருகின்றன. கனமழை பெய்த மறுநாள், நன்கு அறிந்த ஓடையையும் புதிய ஓடையாகவே கருத வேண்டும்.

நீர் கலங்கலாக உள்ளது. என்ன செய்வது?

முதலில் தெளிய வைக்க வேண்டும். கலங்கல் என்பது பார்வைக்கு மட்டுமான குறையன்று: மண் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்கின்றன, குளோரின் அந்தத் துகள்களோடு வினைபுரிந்து வீணாகிறது, புற ஊதாக் கதிர் அவற்றில் பட்டு நின்றுவிடுகிறது, வடிகட்டியின் துளைகள் அடைபடுகின்றன. ஆகவே கொதிக்கவைப்பதைத் தவிர மற்ற எல்லா முறைகளும் கலங்கல் நீரில் தளர்ந்துபோகின்றன.

பாத்திரத்தில் சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மெல்ல இறுத்தெடுக்கலாம். படிகாரத் தூளைச் சிட்டிகையளவு கலக்கிவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விரைவாகப் படியும். அதன்பின் நெருக்கமாக நெய்த துணியைப் பல மடிப்பாக மடித்து வடிக்கலாம். துணி வடிப்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைக் குறைந்தது நான்கு மடிப்பாக மடித்து நீரை வடித்தபோது காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலராக் கிருமிகள் ஒட்டி வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளைத் துணி தடுத்ததே அதற்குக் காரணம். எனினும் தனித்து மிதக்கும் பாக்டீரியாவையும் வைரஸையும் எந்தத் துணியும் தடுக்காது. துணி வடிப்பு ஆயத்தப் படி மட்டுமே.

எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?

நீர் முழுவதும் குமிழியிட்டுப் புரளத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருந்தால் மூன்று நிமிடங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களின் பரிந்துரை இதுவே. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கொதிக்க வைப்பது எரிபொருளையும் நீரையும் வீணாக்குவதாகும். கூடுதல் பாதுகாப்பு எதுவும் அதனால் கிடைப்பதில்லை.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் கொதிநிலை இறங்குகிறது. 3,000 மீட்டரில் நீர் சுமார் 90 டிகிரியில் கொதிக்கும். அது போதுமா என்று பலர் ஐயுறுகின்றனர். போதும். நோய் தரும் பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிகளும் வைரஸ்களும் 70 டிகிரிக்கு மேல் விரைவில் செயலிழந்துவிடுகின்றன. நீர் சூடாகிக் கொதிநிலையை எட்டும் நேரமே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகிறது. மூன்று நிமிடம் என்பது அதன்மேல் வைக்கும் காப்பு.

மூன்று வகை உயிரிகளையும் ஐயத்துக்கு இடமின்றி அழிக்கும் முறை கொதிக்கவைத்தலே. கருவி பழுதாவது, மின்கலம் தீர்வது, மாத்திரை காலாவதியாவது போன்ற கவலைகள் இதில் இல்லை. எரிபொருளும் ஆறவைக்கும் நேரமும்தான் இதன் விலை. கொதித்த நீரின் சப்பென்ற சுவை, அதில் கரைந்திருந்த காற்று வெளியேறியதால் வருவது. ஆறியபின் இரண்டு சுத்தமான பாத்திரங்களுக்கிடையே சிலமுறை ஆற்றினால் சரியாகிவிடும்.

எரிபொருள் குறைவாக உள்ளது. கொதி வரும் முன்பே இறக்கிவிடலாமா?

கொள்கையளவில், 65 டிகிரியில் சில நிமிடங்கள் நிலையாக வைத்தாலே நீர் பாதுகாப்பானதாகிவிடும். ஆனால் வெப்பமானி இல்லாமல் 65 டிகிரியையும் 50 டிகிரியையும் கையால் தொட்டு வேறுபடுத்த முடியாது. கொதி என்பது கண்ணால் காணக்கூடிய ஒரே உறுதியான அடையாளம் என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டும். மூடி போட்டுக் காய்ச்சுவதும், அடுப்பைக் காற்றிலிருந்து மறைப்பதும் எரிபொருளை மிச்சப்படுத்தும் நேர்மையான வழிகள்.

வடிகட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துளையின் அளவை. மலையேற்றத்தில் பயன்படும் பெரும்பாலான வடிகட்டிகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளை கொண்டவை. பீங்கானாலோ, உள்ளே குழல் போன்ற நுண் இழைகளாலோ ஆனவை. இவை ஒட்டுண்ணிகளையும் பாக்டீரியாக்களையும் நிறுத்திவிடும், வைரஸ்களை நிறுத்தாது. வைரஸையும் நிறுத்த வேண்டுமானால் 0.02 மைக்ரான் அளவிலான வடிகட்டி வேண்டும். அல்லது சாதாரண வடிகட்டியில் வடித்த நீரில் குளோரின் இட வேண்டும். துளையளவு ‘சராசரி’ என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அதைவிடப் பெரிய துளைகளும் இருக்கின்றன என்று பொருள். ‘முழுமையான’ துளையளவு என்று உறுதியளிக்கப்பட்டதையே நம்ப வேண்டும்.

மக்கள் நடமாட்டமே இல்லாத உயர்மலைப் பகுதியில் வைரஸ் ஆபத்து குறைவு; ஏனெனில் மனிதரைத் தாக்கும் குடல் வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்தே வருகின்றன. ஊர்களுக்குக் கீழே ஓடும் ஆற்றிலும், கூட்டமாக முகாமிடும் இடங்களிலும் நிலைமை நேர்மாறானது. அங்கே வடிகட்டியை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இழை வடிகட்டியை எப்படிப் பராமரிப்பது?

மூன்று செய்திகள் போதும். நீர் வரும் வேகம் குறைந்தால், சுத்தமான நீரை எதிர்த்திசையில் அழுத்திச் செலுத்திக் கழுவ வேண்டும். பயணம் முடிந்தபின், தயாரிப்பாளர் சொன்ன முறையில் மிகவும் நீர்த்த குளோரின் கரைசலால் கழுவி உலர வைக்க வேண்டும். மூன்றாவதே முதன்மையானது: ஒருமுறை நனைந்த இழை வடிகட்டி உறைந்துபோக இடம் தரக்கூடாது. இழைக்குள் நிற்கும் நீர் உறையும்போது விரிந்து இழைகளை வெடிக்கச் செய்கிறது. வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. நீரும் முன்னைப் போலவே வரும். ஆனால் அது வடிகட்டப்படாத நீர். பனிபொழியும் இரவுகளில் வடிகட்டியை உறங்கும் பைக்குள் உடலருகே வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அதை விலக்கிவிட்டு வேறு முறைக்கு மாறுவதே முறை.

குளோரின் எல்லாவற்றையும் கொல்லுமா?

இல்லை. பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் நன்றாகக் கொல்லும். ஜியார்டியாவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு ஏறக்குறைய அசைந்துகொடுப்பதே இல்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் இட்டு வழங்கப்பட்ட குழாய்நீரின் மூலமாகவே ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு இந்த ஒட்டுண்ணி பரவியது என்பதை நினைத்துப் பார்த்தால், ஓர் ஏரிக்கரையில் மாத்திரையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது சரியன்று என்பது புரியும்.

மாத்திரைகளின் அளவும் காத்திருப்பு நேரமும் வகைக்கு வகை மாறுபடும் என்பதால் உறையில் உள்ளதை அப்படியே பின்பற்ற வேண்டும். மணமோ நிறமோ பிற சேர்மானமோ இல்லாத, 5 முதல் 9 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்ட வெளுப்புத் திரவம் மட்டுமே கிடைத்தால், தெளிந்த நீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டுகள் இட்டுக் கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் மாறாத நீராக இருந்தால் நான்கு சொட்டுகள். முடிவில் இலேசான குளோரின் மணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவை மீண்டும் இட்டு இன்னும் சிறிது நேரம் வைக்க வேண்டும். பழைய திரவம் வீரியம் இழந்திருக்கும். நீர் மிகக் குளிர்ந்திருந்தால் வினை மெதுவாகும் என்பதால் காத்திருப்பையும் நீட்டிக்க வேண்டும்.

குளோரின் டை ஆக்சைடு மாத்திரை வேறு பொருள். பெயர் ஒத்திருந்தாலும் அது கிரிப்டோஸ்போரிடியத்தையும் அழிக்கவல்லது. ஆனால் அதற்கு நான்கு மணி நேரம் வரை ஆகலாம். மாலையில் போட்டுவிட்டுக் காலையில் குடிப்பதற்கு ஏற்றது. வேதிமுறைகளுள் எனது முதல் தேர்வு இதுவே.

அயோடின்?

2 விழுக்காடு அயோடின் கரைசல் எனில் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு ஐந்து சொட்டுகள், அரை மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியத்தை இதுவும் கொல்லாது. கருவுற்றோரும், தைராய்டு கோளாறு உள்ளோரும், அயோடின் ஒவ்வாமை உள்ளோரும் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் சில வாரங்களுக்கு மேல் தொடரக்கூடாது. வேறு வழி இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க இன்று காரணம் குறைவு.

புற ஊதா விளக்குக் கருவிகள் நம்பகமானவையா?

தெளிந்த நீரில், மின்கலம் நல்ல நிலையில் இருக்கும்போது, ஆம். குறிப்பிட்ட அலைநீளக் கதிர் கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைத்து அவை பெருகவிடாமல் செய்கிறது. மூன்று வகை உயிரிகளுக்கும், குளோரினை எதிர்க்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும், இது பொருந்தும். ஒரு லிட்டர் நீருக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். விளக்கு எரியும் நேரம் முழுவதும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கதிர் படாத நீர்த்துளிகள் புட்டியின் கழுத்திலும் மூடியிலும் தங்கியிருப்பதையும் மறக்கக்கூடாது. குளிரில் மின்கலங்கள் சோர்ந்துவிடும் என்பதால் மாற்று முறை ஒன்று பையில் இருந்தாக வேண்டும்.

வெயிலில் வைத்தே நீரைச் சுத்திகரிக்கலாம் என்கிறார்களே?

உண்மைதான். பெய்ரூத்தில் அஃப்திம் அக்ரா 1980-களில் தொடங்கிவைத்த ஆய்வுகள் இதற்கு அடித்தளமிட்டன. நிறமற்ற, கீறல்கள் அதிகமில்லாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் (PET) பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வைக்க வேண்டும். வானம் பாதிக்கு மேல் மேகமாக இருந்தால் தொடர்ந்து இரண்டு நாட்கள். விடாமழையில் இது பயன்படாது. நீர் போதுமான தெளிவுடன் இருக்கிறதா என்று அறிய, நிரம்பிய புட்டியை நாளிதழின் தலைப்பு எழுத்துகளின்மேல் நிறுத்தி, வாய் வழியே கீழே பார்க்க வேண்டும். எழுத்துகளைப் படிக்க முடிந்தால் போதும். நாள் முழுவதும் நடப்பவருக்கு இது ஒத்துவராது. ஓரிடத்தில் தங்கியிருப்பவருக்கு, எரிபொருளே இல்லாத நிலையில், இது உண்மையான உதவி.

மணல், கூழாங்கல், கரி அடுக்கி வடிகட்டி செய்யும் முறை பலனளிக்குமா?

கலங்கலையும் நாற்றத்தையும் ஓரளவு குறைக்கும். கிருமிகளை நம்பத்தக்க வகையில் நீக்காது. மணல் வடிகட்டிகள் கிருமிகளை நீக்குவது, மணலின் மேற்பரப்பில் இரண்டு மூன்று வாரங்களில் உருவாகும் உயிர்ப்படலத்தால்தான். ஒரு மணி நேரத்தில் அடுக்கிய புட்டியில் அந்தப் படலம் இருக்காது. அடுப்புக் கரி, நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய கிளர்வூட்டப்பட்ட கரிக்கு ஈடாகாது. இவ்வழியே வந்த தெளிந்த நீரைக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

பனியும் பனிக்கட்டியும் சுத்தமானவைதானே?

உறைதல் கிருமிகளைக் கொல்வதில்லை; பல பாக்டீரியாக்களும் வைரஸ்களும் உறைநிலையில் நன்றாகவே நிலைத்திருக்கும். புதிதாகப் பொழிந்த வெண்பனியில் ஆபத்து குறைவு என்றாலும், உருக்கிக் கொதிக்க வைப்பதே நல்லது. பாத்திரத்தில் முதலில் சிறிது நீரை ஊற்றி அதில் பனியைச் சேர்த்தால் அடிப்பிடிக்காது. பனியை அப்படியே உண்பது உடல் வெப்பத்தைக் குறைக்கும்.

எந்த முறையாலும் சரிசெய்ய முடியாத நீர் உண்டா?

உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்கும். சுரங்கத்துக்கோ தொழிற்சாலைக்கோ கீழே ஓடும் நீர், பூச்சிமருந்து தெளித்த வயல்களின் வடிகால், எண்ணெய் மினுக்கம் உள்ள நீர் ஆகியவற்றில் கரைந்துள்ள நஞ்சைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. நீர் ஆவியாக, எஞ்சியதில் அதன் செறிவு கூடவே செய்யும். கிளர்வூட்டிய கரி சில கரிம வேதிப்பொருட்களைப் பிடித்துவைக்குமே தவிர, எல்லாவற்றுக்கும் மருந்தன்று. தேங்கிய நீரின்மேல் பச்சை வண்ணம் கொட்டியது போலப் படரும் நீலப்பச்சைப்பாசியும் இவ்வகையே: கொதிக்கும்போது அதன் செல்கள் உடைந்து நஞ்சு நீரில் கலக்கிறது. இத்தகைய நீரை விட்டு விலகி வேறு நீர்நிலையைத் தேடுவது ஒன்றே வழி.

ஒரே ஒரு முறையைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால்?

அடுப்பும் பாத்திரமும் எப்படியும் பையில் இருக்குமானால் கொதிக்கவைத்தலே போதும். பகலில் நடந்துகொண்டே நீர் எடுக்க வேண்டியவருக்கு, 0.1 மைக்ரான் வடிகட்டியும் ஒரு பட்டை குளோரின் மாத்திரையும் நல்ல இணை: மாத்திரைக்கு அடங்காத ஒட்டுண்ணியை வடிகட்டி நிறுத்துகிறது, வடிகட்டிக்கு அகப்படாத வைரஸை மாத்திரை கொல்கிறது. வடித்துவிட்டு மாத்திரை இடுவதே சரியான வரிசை.

சுத்திகரித்த நீரைக் குடித்தும் குழுவில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஏன்?

பெரும்பாலும் கைகளே காரணம். மலம் கழித்தபின் சோப்பிட்டுக் கழுவாத கையால் உணவைப் பகிர்ந்தால், எவ்வளவு நல்ல நீரும் காப்பாற்றாது. அழுக்கு நீர் மொள்ளும் பாத்திரத்தையும் குடிநீர்ப் புட்டியையும் தனித்தனியே அடையாளமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். புட்டியில் மாத்திரை போட்டால், சிறிது நேரம் கழித்து மூடியைச் சற்றுத் தளர்த்திக் கவிழ்த்து, மருந்து கலந்த நீர் மூடியின் திருகு மரைகளில் கசியும்படி செய்ய வேண்டும். உதடு படும் இடம் அதுவே. கழிப்பிடத்தை எந்த நீர்நிலையிலிருந்தும் அறுபது மீட்டருக்கு அப்பால் அமைப்பது, கீழே நீர் எடுக்கும் அடுத்தவர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

சுத்திகரிக்க எதுவுமே இல்லை, நீர் தீர்ந்துவிட்டது. அப்போது?

வேதி நஞ்சோ உப்போ இல்லாத நீராக இருந்தால் குடிக்கலாம். நீரிழப்பு, குறிப்பாகக் கடும் வெயிலில், சில மணி நேரத்திலேயே மனிதரை வீழ்த்தும். தொற்று தலைகாட்ட நாட்கள் ஆகும், அதற்குச் சிகிச்சையும் உண்டு. கிடைப்பதில் சிறந்த ஊற்றைத் தேடி, துணியில் வடித்துக் குடித்துவிட்டு, உதவி கிடைக்கும் இடம் நோக்கி நகர வேண்டும்.

பயணத்தின்போது வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால்?

இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்ய வேண்டும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்திகரித்த நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். உப்பு இந்த அளவைத் தாண்டக்கூடாது. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஊர் திரும்பி வாரங்கள் கழித்துத் தொடங்கும் வயிற்றுப்போக்காக இருந்தால், எந்த நாளில் எந்த நீரைக் குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜியார்டியாவும் கிரிப்டோஸ்போரிடியமும் வழக்கமான மலப் பரிசோதனையில் தவறிவிடக்கூடும் என்பதால், அவற்றுக்கென்றே தனியாகப் பரிசோதனை எழுத அந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படும்.